சிதைவு வினையில் விளைபொருளின் நிறையைக் கணித்தல்: தீக்குச்சி மருந்தும் சுண்ணாம்புக் காளவாசலும்

இவ்வத்தியாயத்தின் நோக்கம்

வானம் பார்த்த பூமியென்று பெயர்பெற்ற கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தில், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைத்து ஒரு போகம் கண்டபின், எஞ்சிய மாதங்களில் வயிற்றுப்பாட்டுக்கு வேறொரு தொழிலை நாடி நிற்க வேண்டிய நிலையிலிருந்த மக்களுக்கு, வேளாண்மைக்குப் பகையாய் நின்ற அதே வெயிலும் உலர்ந்த காற்றும் தீப்பெட்டித் தொழிலுக்கு அனுகூலங்களாக அமைந்தன. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்று கற்றுவந்த இத்தொழில், பின்னர் சாத்தூர், கோவில்பட்டி முதலிய ஊர்களிலும் வேரூன்றி, இன்று அப்பகுதியில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று சொன்னால் சிறு குழந்தைக்கும் விளங்கும் அளவுக்கு வாழ்க்கையோடு கலந்துவிட்டது. அந்த ஆபீசுகளில் குச்சியின் தலைக்கு முக்கும் மருந்தில் பிரதான பதார்த்தம் பொட்டாசியம் குளோரேட்டு என்னும் வெண்ணிற உப்பாகும். அதே கரிசல் மண்ணை ஓரிரு முழம் தோண்டினால் கட்டி கட்டியாக அகப்படும் சுக்கான் கல், களிமண் கலந்த கால்சியம் கார்பனேட்டேயாகும்.

இவ்விரு பதார்த்தங்களும் உஷ்ணத்தால் சிதையும் இயல்புடையவை. குளோரேட்டு சிதைந்து பிராணவாயுவைத் தருகிறது. சுண்ணாம்புக்கல் சிதைந்து கரியமில வாயுவை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. இத்தனை அளவு மூலப்பொருளிலிருந்து இத்தனை அளவு விளைபொருள் கிடைக்கும் என்று, அடுப்பை மூட்டுவதற்கு முன்னரே காகிதத்தில் கணித்துச் சொல்ல முடியுமா என்பதே இவ்வத்தியாயத்தின் வினா. முடியும், அதற்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தல் என்னும் மூன்றுக்கு மேற்பட்ட கணிதம் எதுவும் தேவையில்லை. பள்ளி மாணவருக்கும், சரக்கை நிறுத்து வாங்கும் தொழிலருக்கும், காளவாசல் நடத்துவோருக்கும் ஒருங்கே பயன்பட வேண்டுமென்னும் ஆர்வத்துடன், நம் ஊர்ப் பொருள்களையே உதாரணங்களாகக் கொண்டு இம்முறையை விளக்கப் புகுகிறோம்.

சமன்பாடு சொல்வது எண்ணிக்கை. தராசு சொல்வது நிறை

ஒரு பதார்த்தம் உஷ்ணத்தாலோ, ஒளியாலோ, மின்சாரத்தாலோ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எளிய பதார்த்தங்களாகப் பிரியுமானால் அதனைச் சிதைவு வினை என்கிறோம். பொட்டாசியம் குளோரேட்டின் சிதைவைச் சமன்படுத்தி எழுதினால் இவ்வாறு வரும்:

2 பொட்டாசியம் குளோரேட்டு → 2 பொட்டாசியம் குளோரைடு + 3 பிராணவாயு

இச்சமன்பாட்டிலுள்ள 2, 2, 3 என்னும் எண்களைக் குணகங்கள் என்பர். இவை கிராமையோ கிலோவையோ குறிப்பன அல்ல. மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மட்டுமே குறிப்பவை என்பதை வாசகர் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். குளோரேட்டின் இரண்டு அலகுகள் சிதைந்தால் குளோரைடின் இரண்டு அலகுகளும் பிராணவாயுவின் மூன்று மூலக்கூறுகளும் உண்டாகும் என்பதே அதன் முழுப் பொருள். ஆனால் நம் கையிலுள்ள தராசோ எண்ணிக்கையை அறியாது. நிறையை மட்டுமே அது காட்டும். ஆகவே தராசு காட்டும் நிறையிலிருந்து சமன்பாடு பேசும் எண்ணிக்கைக்குச் சென்று, அங்கே விகிதத்தைப் பிரயோகித்து, மறுபடியும் நிறைக்குத் திரும்ப வேண்டும். ஒரு பொருளின் நிறையிலிருந்து மற்றொரு பொருளின் நிறைக்கு நேரே தாவும் குறுக்குவழி எதுவும் இல்லை. இந்த ஒன்றை உணர்ந்தவருக்கு இவ்வகைக் கணக்குகள் அனைத்தும் ஒரே கணக்காகிவிடும்.

எண்ணிக்கைக்கும் நிறைக்கும் இடையே பாலமாக நிற்கும் அளவை ‘மோல்’ எனப்படும். தீப்பெட்டி வியாபாரத்தில் 144 பெட்டிகளை ஒரு குரோஸ் என்று வழங்குவதை நம் வட்டாரத்தார் அறிவர். ஒரு குரோஸ் தீப்பெட்டியும் ஒரு குரோஸ் வெற்றுப் பெட்டியும் எண்ணிக்கையில் ஒன்றாயினும் நிறையில் வேறுபடுவதைப் போலவே, ஒரு மோல் குளோரேட்டும் ஒரு மோல் பிராணவாயுவும் துகள்களின் எண்ணிக்கையில் ஒன்றாயிருந்தும் நிறையில் வேறுபடுகின்றன. குரோஸில் 144 அடங்குமானால், மோலில் 6.022 × 10²³ துகள்கள் அடங்கும். இத்துணைப் பெரிய எண்ணை நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பதார்த்தத்தின் மூலக்கூறு எடையைக் கிராமில் நிறுத்து எடுத்தால் அதுவே ஒரு மோல் என்னும் வசதியான ஏற்பாடு நமக்குப் போதுமானது.

இந்த முறையின் அடித்தளம் நிறை மாறாக் கொள்கையாகும். ஸ்காத்லாந்து தேசத்து ஜோசப் பிளாக், சுண்ணாம்புக்கல்லையும் மக்னீசிய உப்பையும் சுடும்போது வெளியேறும் வாயுவைத் தராசின் துணைகொண்டு ஆராய்ந்து 1756ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். பிரெஞ்சு தேசத்து லவாசியே, வினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறுவதில்லை என்னும் உண்மையை 1789ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நிலைநாட்டினார். இங்கே நாம் செய்யப்போகும் ஒவ்வொரு கணக்கும் அவ்வுண்மையைச் சாட்சியாக வைத்தே நடைபெறும்.

கணக்குக்கு வேண்டிய அணு எடைகள்

பின்வரும் அணு எடைகளை ஒரு தாளில் எளிதில் பார்க்கும்படி குறித்து வைத்துக்கொள்க:

- பொட்டாசியம்: 39.10
- குளோரின்: 35.45
- பிராணவாயு அணு: 16.00
- கால்சியம்: 40.08
- கரி: 12.01

பொட்டாசியம் குளோரேட்டின் ஓர் அலகில் பொட்டாசியம் ஒன்றும், குளோரின் ஒன்றும், பிராணவாயு அணுக்கள் மூன்றும் உள்ளன. ஆகவே,

குளோரேட்டின் மோல் நிறை = 39.10 + 35.45 + (3 × 16.00) = 122.55 கிராம்
குளோரைடின் மோல் நிறை = 39.10 + 35.45 = 74.55 கிராம்
பிராணவாயுவின் மோல் நிறை = 2 × 16.00 = 32.00 கிராம்

பிராணவாயு தனியே உலவும்போது இரண்டிரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறாகவே இருக்கும். ஆதலின் இங்கே 16 அல்ல, 32 என்பதையே கொள்ள வேண்டும்.

நான்கு படிகள்

முதற்படி: வினையின் சமன்பாட்டைச் சரியாகச் சமன்படுத்தி எழுதுக. அம்புக்குறியின் இரு புறத்திலும் ஒவ்வோர் அணுவின் எண்ணிக்கையும் ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்காமல் அடுத்த படிக்குச் செல்லற்க.

இரண்டாம் படி: கொடுக்கப்பட்ட நிறையை அப்பொருளின் மோல் நிறையால் வகுத்து மோல் எண்ணிக்கையாக மாற்றுக.

மூன்றாம் படி: சமன்பாட்டின் குணக விகிதத்தைக் கொண்டு, கொடுக்கப்பட்ட பொருளின் மோல்களிலிருந்து வேண்டிய பொருளின் மோல்களைக் காண்க.

நான்காம் படி: அந்த மோல்களை வேண்டிய பொருளின் மோல் நிறையால் பெருக்கி நிறையாக்குக.

இவற்றோடு சோதனை ஒன்றும் உண்டு: விளைபொருள்கள் அனைத்தின் நிறைகளையும் கூட்டினால், சிதைந்த மூலப்பொருளின் நிறை வர வேண்டும். வராவிடில் பிழை எங்கோ இருக்கிறது என்று தயக்கமின்றிக் கொள்க.

முதற் கணக்கு: குளோரேட்டிலிருந்து பிராணவாயு

ஒரு பள்ளிச் சோதனைச் சாலையில், ஆசிரியர் 12.255 கிராம் தூய பொட்டாசியம் குளோரேட்டை முழுவதும் சிதைக்கிறார் என்று கொள்வோம். கிடைக்கும் பிராணவாயுவின் நிறை யாது?

சமன்பாடு முன்னரே சமன்படுத்தப்பட்டது. குளோரேட்டின் மோல்கள் = 12.255 ÷ 122.55 = 0.100. குணக விகிதம் 2க்கு 3 ஆகையால், பிராணவாயுவின் மோல்கள் = 0.100 × 3 ÷ 2 = 0.150. அதன் நிறை = 0.150 × 32.00 = 4.80 கிராம்.

இனிச் சோதனை. குளோரைடின் மோல்களும் 0.100 ஆதலின், அதன் நிறை 7.455 கிராம். இரண்டையும் கூட்ட 4.80 + 7.455 = 12.255 கிராம், தொடக்கத்தில் எடுத்த நிறை அப்படியே திரும்பி வந்தது. கணக்கு சரி.

இச்சோதனையில் குளோரேட்டோடு சிறிது மாங்கனீசு டை ஆக்சைடு கலப்பது வழக்கம். கலவாவிடில், குளோரேட்டு ஏறத்தாழ 360 டிகிரியில் உருகி, 400 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலுமே பிராணவாயுவை விடத் தொடங்கும். கலந்தாலோ அதைவிடக் குறைந்த உஷ்ணத்திலேயே சிதைவு விரைந்து நடக்கும். எனினும் மாங்கனீசு டை ஆக்சைடு வினையின் வேகத்தைக் கூட்டும் ஊக்கியே அன்றித் தான் செலவாவதில்லை. எவ்வளவு கலந்தாலும் அவ்வளவும் முடிவில் குழாயில் மிஞ்சும். ஆகவே அதன் நிறையைக் கணக்கில் சேர்க்கலாகாது.

அதே கணக்கைக் கிலோவிலும் குச்சியின் தலையிலும் செய்தல்

ஒரு கிலோ, அதாவது 1000 கிராம் குளோரேட்டுக்கு இதே படிகளைப் பிரயோகித்தால், குளோரேட்டின் மோல்கள் 1000 ÷ 122.55 = 8.160, பிராணவாயுவின் மோல்கள் 12.24, நிறை 391.7 கிராம். எஞ்சிய 608.3 கிராம் குளோரைடாகும். அதாவது அந்த உப்பின் நிறையில் நூற்றுக்கு 39 பங்குக்கும் சற்று மேல் பிராணவாயுவே. கோவில்பட்டியில் சாதாரணமாக நிலவும் 30 டிகிரி உஷ்ணத்தில், வழக்கமான காற்றழுத்தத்தில், எந்த வாயுவிலும் ஒரு மோல் ஏறத்தாழ 24.9 லிட்டர் இடத்தை அடைக்குமாதலால், 12.24 மோல் பிராணவாயு ஏறத்தாழ 305 லிட்டர் கொள்ளளவுடையதாகும். இரு கைகளிலும் அள்ளி எடுக்கக்கூடிய ஓர் உப்பினுள் 300 லிட்டருக்கும் மிகுதியான வாயு அடங்கியிருக்கிறது.

இந்த எண்ணின் அருமையை உணர ஓர் ஒப்பீடு உதவும். 1774ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி பிராணவாயுவைப் பிரித்தெடுத்தது பாதரச ஆக்சைடைச் சுட்டு. பாதரசத்தின் அணு எடை 200.59, அதன் ஆக்சைடின் மோல் நிறை 216.59 கிராம். அதில் இரண்டு மோல் சிதைந்தால் ஒரு மோல் பிராணவாயு வரும். ஆகவே 433.18 கிராமுக்கு 32 கிராம், அதாவது நூற்றுக்கு 7.4 பங்கு மட்டுமே கிடைக்கும். குளோரேட்டோ நூற்றுக்கு 39.2 பங்கு தருகிறது. தீக்குச்சியின் தலை என்னும் மிகச் சிறிய இடத்திற்குள் எரிதலுக்குப் போதிய பிராணவாயுவை அடக்க வேண்டிய தொழிலுக்கு இவ்வுப்பு ஏன் உகந்ததாயிற்று என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

ஒரு குச்சியின் தலையில் 10 மில்லிகிராம் குளோரேட்டு இருப்பதாக வைத்துக்கொண்டால், அது விடக்கூடிய பிராணவாயு 3.9 மில்லிகிராம், 30 டிகிரியில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 3 மில்லிலிட்டர். கடுகளவு மருந்துக்குள் தன்னைவிடப் பன்மடங்கு இடத்தை அடைக்கும் வாயு ஒடுங்கிக் கிடப்பதனாலேயே, உரசிய கணத்தில் சுற்றுப்புறக் காற்றுக்குக் காத்திராமல் குச்சி சீறிப் பற்றுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். குச்சி எரியும்போது இந்தப் பிராணவாயு தனித்து வெளியே வருவதில்லை. மருந்திலுள்ள கந்தகமும் வச்சிரப் பசையும் அதனை அக்கணமே ஏற்று எரிகின்றன. ஆகவே நாம் கண்டது குளோரேட்டு கொடுக்கவல்ல பிராணவாயுவின் உச்ச அளவு. குச்சியினருகே வாயுவைப் பிடித்து அளந்தால் கிடைக்கும் அளவு அன்று. எந்த வினைக்குக் கணக்கிடுகிறோம் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது எல்லாக் கணக்கிலும் இன்றியமையாத ஒழுங்காகும்.

மறுதலைக் கணக்கு: நிறை இழப்பிலிருந்து தூய்மையைக் காணல்

மேற்கண்ட முறையைப் பின்னோக்கி நடத்தினால் சரக்கின் தரத்தையே அறியலாம். காசு கொடுத்து வாங்கும் சரக்கில் உண்மையான குளோரேட்டு எவ்வளவு என்பதை அறிய விரும்பும் ஒருவர், நன்றாக உலர்த்திய 5.00 கிராம் மாதிரியைச் சோதனைச் சாலையில் கொடுக்கிறார். ஊக்கி சேர்த்து, நிறை மேலும் குறையாத வரையில் சுட்டு, ஆறவைத்து நிறுத்தபோது மொத்தத்தில் 1.86 கிராம் குறைந்திருந்தது. மாசுகள் சிதைவதில்லை என்று கொண்டால், குறைந்த நிறை முழுவதும் வெளியேறிய பிராணவாயுவே.

பிராணவாயுவின் மோல்கள் = 1.86 ÷ 32.00 = 0.05813
குளோரேட்டின் மோல்கள் = 0.05813 × 2 ÷ 3 = 0.03875
குளோரேட்டின் நிறை = 0.03875 × 122.55 = 4.75 கிராம்
தூய்மை = 4.75 ÷ 5.00 × 100 = நூற்றுக்கு 95

விகிதம் இங்கே தலைகீழாகத் திரும்பியதைக் கவனிக்க: முன்பு 3 ÷ 2 ஆக இருந்தது இப்போது 2 ÷ 3 ஆயிற்று. ‘எதை அறிவேன், எதைத் தேடுகிறேன்’ என்று தம்மைத் தாமே கேட்டு, தேடும் பொருளின் குணகத்தை மேலேயும் அறிந்த பொருளின் குணகத்தைக் கீழேயும் எழுதுபவருக்கு இதில் மயக்கம் நேராது.

‘நிறை மேலும் குறையாத வரையில்’ என்ற நிபந்தனையை அலட்சியம் செய்தல் கூடாது. ஊக்கியின்றி மெதுவாகச் சுட்டால், குளோரேட்டின் ஒரு பகுதி பிராணவாயுவை விடாமலே பொட்டாசியம் பெர்குளோரேட்டு என்னும் வேறோர் உப்பாக மாறிவிடும். அந்நிலையில் நிறுத்தால் இழப்பு குறைவாகத் தோன்றி, நல்ல சரக்கும் கலப்படச் சரக்காகத் தீர்ப்புப் பெற்றுவிடும். ஆதலின் சுடுதல், ஆற்றுதல், நிறுத்தல் என்னும் மூன்றையும், அடுத்தடுத்த இரு நிறுவைகள் ஒத்துவரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இரண்டாம் கணக்கு: சுக்கான் கல்லும் காளவாசலும்

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு தொட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. கரிசல் மண்ணின் இயல்புகள் அங்கே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றன. இம்மண்ணில் கால்சியம் கார்பனேட்டு கலந்திருப்பதும், மழைநீரில் கரைந்து கீழிறங்கிய அப்பதார்த்தம் வறட்சியில் மறுபடி படிந்து சுக்கான் கட்டிகளாவதும் உழவர் கண்கூடாகக் காணும் நிகழ்ச்சிகளேயாம். சிமெண்டு பெருகுவதற்கு முன், வீடு கட்டுவோருக்குக் காளவாசலில் சுட்ட சுண்ணாம்பே காரைக்கு ஆதாரமாயிருந்தது. அதன் வினை இது:

கால்சியம் கார்பனேட்டு → கால்சியம் ஆக்சைடு + கரியமில வாயு

குணகங்கள் மூன்றும் ஒன்றே. மோல் நிறைகள்: கார்பனேட்டு 100.09, ஆக்சைடு என்னும் சுட்ட சுண்ணாம்பு 56.08, கரியமில வாயு 44.01 கிராம். இச்சிதைவு ஏறத்தாழ 900 டிகிரி உஷ்ணத்தில் நிறைவாக நடைபெறும்.

நூற்றுக்கு 80 பங்கு கார்பனேட்டும் 20 பங்கு களிமண் முதலிய மாசும் கொண்ட சுக்கான் கல் 1000 கிலோவைக் காளவாசலில் அடுக்குவதாகக் கொள்வோம். முதலில் மாசை விலக்கிக் கணிக்க வேண்டும்: கார்பனேட்டு 800 கிலோ. குணக விகிதம் ஒன்றுக்கு ஒன்றாதலால்,

சுட்ட சுண்ணாம்பு = 800 × 56.08 ÷ 100.09 = 448.2 கிலோ
கரியமில வாயு = 800 × 44.01 ÷ 100.09 = 351.8 கிலோ

கிலோவிலேயே நேராகக் கணித்தது ஏனெனில், மேலும் கீழும் ஒரே அலகு இருக்கும் வரை கிராமுக்கு மாற்றி மறுபடி கிலோவாக்குவது வீண் உழைப்பாகும். மோல் வழியாகச் செல்லும் படிகள் இந்த ஒரே வரியில் அடங்கிவிட்டன. காளவாசலிலிருந்து இறக்கும் சரக்கு, மாசில் நிறைமாற்றம் இல்லையென்று கொண்டால், 448.2 + 200 = 648.2 கிலோவாகும். ஆயிரம் கிலோ ஏற்றி அறுநூற்றைம்பது கிலோகூட இறங்கவில்லையே என்று வேலையாட்களைச் சந்தேகிக்கும் முன், எஞ்சிய 351.8 கிலோ புகையோடு புகையாய் வானில் சென்றது என்பதை உரிமையாளர் அறிவது நியாயமும் அவசியமும் ஆகும்.

இனி, தீ குறைந்தோ கல் பெரிதாயிருந்தோ கார்பனேட்டில் நூற்றுக்கு 90 பங்கு மட்டுமே சிதைந்ததாகக் கொள்வோம். சுட்ட சுண்ணாம்பு 448.2 × 0.90 = 403.4 கிலோ, வெந்து முடியாத கார்பனேட்டு 80 கிலோ, மாசு 200 கிலோ, ஆக மொத்தம் 683.4 கிலோ. முழுவதும் வெந்த சரக்கைவிட அரைகுறையாய் வெந்த சரக்கே நிறையில் மிகுதி! எடைக்கு விலை பேசி வாங்குவோர் கனத்தைக் கண்டு மகிழ்வதும், இலகுவான கல்லைக் கண்டு முகஞ்சுளிப்பதும் எவ்வளவு பெரிய பிழை என்பதை இக்கணக்கு நிரூபிக்கிறது. நன்கு வெந்த தூய சுண்ணாம்புக்கல் தன் நிறையில் நூற்றுக்கு 44 பங்கை இழந்திருக்க வேண்டும். அந்த இழப்பே அதன் தரத்துக்கு அத்தாட்சி.

காரைக்கு நீற்றும்போது என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில் காணலாம். 56.08 பங்கு சுட்ட சுண்ணாம்பு 18.02 பங்கு நீரை ஏற்று 74.10 பங்கு நீற்றுச் சுண்ணாம்பாகும். எனவே 448.2 கிலோவுக்கு இரசாயன முறையில் இணையும் நீர் 144.0 கிலோ, கிடைக்கும் நீற்றுச் சுண்ணாம்பு 592.2 கிலோ. நீற்றும்போது எழும் கடும் உஷ்ணத்தில் நீரின் ஒரு பகுதி ஆவியாகிவிடுமாதலால், கணக்கில் கண்டதைவிட மிகுதியான நீரை ஊற்ற வேண்டியிருக்கும்.

வழுக்கும் இடங்கள்

இம்முறையில் பயிலுவோர் வழுக்கி விழும் இடங்கள் சிலவே. அவற்றை அறிந்து காலூன்றினால் போதும்.

1. குணகத்தைக் கிராமாகக் கொள்ளுதல். ‘2 கிராம் குளோரேட்டு 3 கிராம் பிராணவாயு தரும்’ என்று எழுதுவோர் உண்டு. மூலப்பொருளைவிட விளைபொருள் நிறையில் மிகுவது நிறை மாறாக் கொள்கைக்கே விரோதமாதலால், இவ்விடை தன் பிழையைத் தானே காட்டிவிடும். சரியான விடை 0.78 கிராம்.

2. பிராணவாயுவுக்கு 32க்குப் பதிலாக 16 என்று கொள்ளுதல். விடை சரிபாதியாகக் குறைந்தால் முதலில் இதனைச் சந்தேகிக்க.

3. மாசையும் ஈரத்தையும் கழிக்க மறத்தல். கணக்கில் நுழைய வேண்டியது தூய பதார்த்தத்தின் நிறை மட்டுமே.

4. இடைநிலையிலேயே எண்களைச் சுருக்குதல். 8.160 என்பதை 8 என்று சுருக்கினால், கிலோ குளோரேட்டுக்கு 391.7 கிராம் வர வேண்டிய இடத்தில் 384 கிராம் வரும். முடிவில் மட்டுமே சுருக்குக.

5. கூட்டல் சோதனையைக் கைவிடுதல். அரை நிமிஷத்தில் முடியும் அச்சோதனை, அரை நாள் உழைப்பைக் காப்பாற்றும்.

பாதுகாப்பு பற்றிய கட்டளை

இவ்வத்தியாயத்தின் கணக்குகள் தாளிலும் பென்சிலிலும் செய்வதற்குரியவை. குளோரேட்டைச் சுடும் சோதனையை, பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில், முறையான சோதனைச் சாலையிலன்றி வேறெங்கும் செய்தல் கூடாது. கந்தகம், கரி, மாவு, சருகு, துணி, எண்ணெய் முதலிய எரியும் பொருள் எதுவும் குளோரேட்டோடு சேரவிடலாகாது. சேர்ந்தால் நெருப்பில்லாமலே, வெறும் உராய்வாலோ அடியாலோ, அக்கலவை வெடித்துத் தீப்பற்றக்கூடும். 1844ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து குஸ்டாஃப் எரிக் பாஷ் காப்புரிமை பெற்ற பாதுகாப்புத் தீக்குச்சியின் தத்துவமே, ஒன்றோடொன்று சேரக்கூடாதவற்றைப் பிரித்து, குளோரேட்டைக் குச்சியின் தலையிலும் சிவப்புப் பாஸ்பரத்தைப் பெட்டியின் பக்கத்திலும் வைப்பதுதான். ஒரு கிலோ உப்பினுள் 300 லிட்டர் பிராணவாயு ஒடுங்கியிருக்கிறது என்று கணித்தறிந்தவர், அந்த உப்பு சிந்திய தரையைத் துடைக்காமல் விட மாட்டார்; மருந்து ஒட்டிய ஆடையோடு அடுப்பருகே செல்ல மாட்டார். தீப்பெட்டி ஆபீசுகளில் உழைப்போரின் உயிருக்கும் உடலுக்கும் அரணாக அமைய வேண்டிய அறிவு இது. எண்களைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் இதனையும் சேர்த்தே கற்பிக்கக் கடமைப்பட்டவர்.

பயிற்சிகள்

1. 49.02 கிராம் தூய குளோரேட்டு முழுவதும் சிதைந்தால் கிடைக்கும் பிராணவாயு, குளோரைடு ஆகியவற்றின் நிறைகள் யாவை?

2. 24.0 கிராம் பிராணவாயு பெற வேண்டுமானால் எவ்வளவு தூய குளோரேட்டு சிதைய வேண்டும்?

3. நூற்றுக்கு 92 பங்கு தூய்மையுள்ள சுண்ணாம்புக்கல் 250 கிலோவைக் காளவாசலில் முழுவதும் வேகவைத்தால் கிடைக்கும் சுட்ட சுண்ணாம்பும் வெளியேறும் கரியமில வாயுவும் எவ்வளவு?

4. ஆப்பசோடா என்னும் சோடியம் பைகார்பனேட்டின் இரண்டு மோல்கள் உஷ்ணத்தால் சிதைந்து, சோடியம் கார்பனேட்டு, நீர், கரியமில வாயு ஆகியவற்றில் ஒவ்வொரு மோல் தருகின்றன. மோல் நிறைகள் முறையே 84.01, 105.99, 18.02, 44.01 கிராம். 16.80 கிராம் ஆப்பசோடாவிலிருந்து கிடைக்கும் மூன்று விளைபொருள்களின் நிறைகளைக் காண்க.

விடைகள்

1. பிராணவாயு 19.2 கிராம், குளோரைடு 29.82 கிராம்.

2. 61.28 கிராம். பிராணவாயு 0.75 மோல், அதற்கு வேண்டிய குளோரேட்டு 0.50 மோல்.

3. தூய கார்பனேட்டு 230 கிலோ. சுட்ட சுண்ணாம்பு 128.9 கிலோ, கரியமில வாயு 101.1 கிலோ.

4. சோடியம் கார்பனேட்டு 10.60 கிராம், நீர் 1.80 கிராம், கரியமில வாயு 4.40 கிராம், மூன்றின் கூட்டுத்தொகை 16.80 கிராம்.

விடை ஒத்துவராதவர் வேறு புதிய கணக்குக்குச் செல்லாமல், தம் தாளில் நான்கு படிகளையும் தனித்தனி வரிகளாக எழுதி, எந்தப் படியில் எண்ணிக்கையும் நிறையும் கலந்தன என்று கண்டுபிடித்துத் திருத்திய பின்னரே அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குக.